கழுவச் சொன்ன மார்க்கம் கல்லெறியச் சொல்லவில்லை

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.



சென்ற மழைக்காலத்தில் நமது மதரஸாவில் ஓதும் பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் தொடர்ந்து நான்கு நாள்கள் வகுப்புக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று எண்ணினோம். ஐந்தாம் நாள் விசாரித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. உடன் ஓதும் பிள்ளைகள் அவனைத் தம்மருகில் அமர விடவில்லை. அவன் கை பட்ட பலகையைத் துடைத்துவிட்டு அமர்ந்தனர். 'நஜீஸ் வீட்டுக்காரன்' என்று அவனுக்குப் பெயரும் சூட்டியிருந்தனர்.

அவன் செய்த குற்றம் என்ன? இருசக்கர வண்டியில் அடிபட்டுப் பின்னங்கால் முறிந்து மழையில் கிடந்த தெருநாய் ஒன்றை அவனுடைய தாயார் வீட்டின் பின்கட்டில் சேர்த்துக்கொண்டார். அவ்வளவே. கணவர் வளைகுடாவில் இருக்க, இரு பிள்ளைகளுடன் தனித்து வாழும் பெண்மணி அவர். அண்டை வீட்டார் அவரிடம் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்தினர். மலக்குகள் நுழையாத வீடு என்றனர். அவருடைய தொழுகை கூடாது என்று ஃபத்வா கொடுத்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவரும் ஃபிக்ஹு நூல் எதையும் திறந்து பார்த்தவரல்லர்.

அன்று அஸ்ருக்குப் பின் நாம் குடும்பத்தாருடன் அந்த வீட்டுக்குச் சென்றோம். பின்கட்டில், பழைய ஆட்டுரலுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்தில் அந்த நாய் ஒடுங்கிக் கிடந்தது. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. உடல் முழுவதும் நடுங்கியது. ஸலாம் சொல்லிக்கொண்டே தலைப்பாகையைச் சரிசெய்யக் கையை உயர்த்தினோம். அந்த உயிர் சுவருக்குள் புகுந்துவிடத் துடித்தது. "ஹஜ்ரத், கையத் தூக்காதீங்க. கை தூக்குனா அடிதான்னு அதுக்கு நெனப்பு" என்றார் அந்தத் தாய்.

அந்த நினைப்பை அதற்குக் கற்றுக் கொடுத்தவர்கள் யார்? நமது தெருவில்தான் அது பிறந்து வளர்ந்தது. நமது பிள்ளைகளின் கைகளைத்தான் அது அறியும். அந்தப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவர்கள் நாம். நஜாஸத் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறோம். ஏழு முறை கழுவுவதை மனப்பாடம் செய்விக்கிறோம். அதே நாய்க்குத் தண்ணீர் புகட்டிச் சுவனம் சென்ற மனிதரின் செய்தியை அதே நாளில், அதே அமர்வில் சொல்லிக் கொடுத்தோமா? இல்லை. ஆகவே இக்கட்டுரையின் முதல் குற்றச்சாட்டு நம்மீதே என்பதை ஒப்புக்கொண்டு மேலே செல்கிறோம்.

நஜீஸ் என்ற சொல்லின் எல்லை

ஷாஃபிஈ மத்ஹபில் நாய் கடின நஜீஸ், அதாவது முகல்லழா. இதில் நமக்கு ஐயமில்லை. இதைத் தளர்த்த நாம் எழுதவும் இல்லை. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஸஹீஹான ஹதீஸ். ஹனஃபீ மத்ஹபில் உமிழ்நீர் நஜீஸ், உடல் அவ்வாறன்று. மாலிகீ மத்ஹபில் நாய் தூய்மையான உயிரினம். ஏழு முறை கழுவுவது அவர்களிடம் வணக்க நோக்கிலான கட்டளை. இவை இமாம்களின் கருத்து வேறுபாடுகள். அவரவர் தம் மத்ஹபைப் பேணுவதே ஒழுங்கு.

ஆயினும் கவனியுங்கள்: இந்தச் சட்டங்கள் அனைத்தும் மனிதனைப் பார்த்தே பேசுகின்றன. பட்ட இடத்தைக் கழுவு, உடையை மாற்று, பாத்திரத்தைப் பிரித்து வை என்று நமக்குக் கடமை சொல்கின்றன. நாயை அடி என்றோ, விரட்டு என்றோ, பட்டினி போடு என்றோ நஜாஸத் பாடத்தில் ஒரு வரியேனும் உண்டா? நமது இரத்தமும் நஜீஸ்தான். அதற்காகக் காயம்பட்ட மனிதனைக் கல்லால் அடிக்கிறோமா?

உலர்ந்த உடல் உலர்ந்த பொருளில் படுவதால் நஜீஸ் தொற்றாது; ஈரம் இருந்தால்தான் தொற்றும். இது மக்தப் பிள்ளைகளும் அறிய வேண்டிய பாடம். அப்படியிருக்க, உடை மாற்றி, ஒளூச் செய்து வந்த ஒரு சிறுவன் தொட்ட பலகையை மற்றவர் துடைத்தது எந்த மத்ஹப்? அது மத்ஹபன்று; தீண்டாமை. எந்தத் தீண்டாமையை விட்டு ஓடி வந்தவர்களை இஸ்லாம் இம்மண்ணில் அணைத்துக்கொண்டதோ, அதையே தொழுகை விரிப்பின்மீது மீண்டும் நட்டு வைக்கிறோம்.

இன்னொரு சட்டத்தையும் நினைவூட்டுகிறோம். கையிலுள்ள தண்ணீர் ஒளூச் செய்ய மட்டுமே போதுமானது. அருகில் மதிப்பிற்குரிய உயிர் ஒன்று தாகத்தால் தவிக்கிறது. அப்போது தண்ணீரை அதற்குக் கொடுத்துவிட்டுத் தயம்மும் செய்துகொள்ள வேண்டும் என்கின்றன நமது ஷாஃபிஈ நூல்கள். காவலுக்கும் வேட்டைக்கும் பயன்படும் நாயும் அந்த மதிப்பிற்குரிய உயிர்களில் சேரும். எந்த இமாம்கள் நாயைக் கடின நஜீஸ் என்றார்களோ, அவர்களே நமது ஒளூவின் தண்ணீரை எடுத்து அதன் வாயில் ஊற்றச் சொன்னார்கள். பாதிச் சட்டத்தை மட்டும் ஏந்திக்கொண்டு தெருவில் இறங்குபவர்கள் இந்த மறுபாதியையும் படிக்கட்டும்.

அச்சுறுத்துவதும் அநீதியே

'நாங்கள் அடிக்கவில்லையே, விரட்டத்தானே செய்கிறோம்' என்பார் சிலர். அச்சம் ஒரு துன்பமா என்று கேட்பவர்களுக்கு நபி (ஸல்) அவர்களின் வாழ்வே விடை.

அறுக்கப்படவிருந்த ஆட்டின் கண்முன்னே கத்தியைத் தீட்டிய மனிதரை அவர்கள் கண்டித்தார்கள். அதற்கு இரண்டு மரணங்களைக் கொடுக்க விரும்புகிறாயா என்று வினவினார்கள். அறுப்பதற்கு அனுமதி உண்டு, அச்சுறுத்துவதற்கு அனுமதியில்லை. குஞ்சுகளைப் பறிகொடுத்துச் சிறகடித்துத் தவித்த சிறு பறவையைக் கண்டபோது, எடுத்தவர் திருப்பிக் கொடுக்கட்டும் என்றார்கள். அன்சாரி ஒருவரின் தோட்டத்தில் ஒட்டகம் ஒன்று அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்தது. அருகில் சென்று அதன் காதின் பின்புறத்தைத் தடவிக் கொடுத்தார்கள், அது அமைதியடைந்தது. பிறகுதான் உரிமையாளரை அழைத்து, பசிக்கவிட்டு வேலை வாங்குவதாக அது முறையிடுகிறது, அல்லாஹ்வை அஞ்சிக்கொள் என்றார்கள். அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. முதலில் விலங்கின் நடுக்கத்தைத் தணித்தார்கள். விசாரணை அதன் பின்னரே.

கோழியைக் கட்டி வைத்து அம்பெய்து விளையாடிய இளைஞர்கள், இப்னு உமர் (ரலி) வருவதைக் கண்டு சிதறி ஓடினர். உயிருள்ளதை இலக்காக்குபவனை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக அவர்கள் எடுத்துரைத்தார்கள். நமது தெருவில் படுத்திருக்கும் நாயைக் குறிபார்த்துக் கல்லெறியும் சிறுவர்கள் நம்மைக் கண்டு ஓடுகிறார்களா? இல்லை, நாம் சிரித்துக்கொண்டே கடந்து செல்கிறோம்.

மலக்குகள் பற்றிய வினா

நாய் உள்ள வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்பது ஸஹீஹான ஹதீஸ். வேட்டை, கால்நடை, பயிர் ஆகிய தேவைகளுக்கன்றி நாய் வளர்ப்பவரின் நன்மையில் நாள்தோறும் கீராத் அளவு குறையும் என்பதும் அவ்வாறே. இவற்றை மறைத்து எழுதுபவன் அறிவுக்கு நேர்மையாளன் அல்லன். எனவே அலங்காரத்துக்காகவும், அண்டை வீட்டாரிடம் காட்டிக்கொள்வதற்காகவும், பனிப்பிரதேசத்து இன நாயை விலைக்கு வாங்கி நமது வெயிலில் வதைப்பதை நாம் ஆதரிக்கவில்லை. வாங்கிய மோகம் தீர்ந்தபின் புறவழிச்சாலையில் இறக்கிவிட்டுச் செல்வது அதைவிடப் பெரிய பாவம்.

ஆனால் அறிஞர்கள் இந்த ஹதீஸ்களை எவ்வாறு விளங்கினர்? நுழையாதவர்கள் ரஹ்மத்தைக் கொண்டுவரும் மலக்குகளே என்றும், நம்மோடு இருந்து செயல்களை எழுதும் மலக்குகள் நீங்குவதில்லை என்றும் விளக்கினர். அனுமதிக்கப்பட்ட தேவைக்குரிய நாய்க்கு இது பொருந்தாது என்பது இமாம் கத்தாபீயின் கருத்து. இமாம் நவவீ இதைப் பொதுவாகவே கொண்டார். அதே நவவீதான், வீட்டுக் காவலுக்காக நாய் வைத்திருப்பதை அந்த மூன்று தேவைகளோடு ஒப்பிட்டு, அனுமதிப்பதே சரியான கருத்து என்றார். ஆண் துணையின்றி இரு பிள்ளைகளுடன் ஊர்க்கோடியில் வாழும் பெண்ணுக்குக் காவல் தேவையில்லை என்று சொல்லப்போவது யார்? அதற்கும் மேலாக, முறிந்த காலுடன் கிடந்த உயிரை ஆறும்வரை காப்பது 'நாய் வளர்ப்பு' என்ற தலைப்பின் கீழ் வருவதா? ஈரமான ஈரல் கொண்ட ஒவ்வோர் உயிருக்கும் செய்யும் உதவியில் நற்கூலி உண்டு என்ற தலைப்பின் கீழ்தான் அது வரும்.

கிணற்றில் இறங்கிக் காலுறையில் நீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு மேலேறி, தாகித்த நாய்க்குப் புகட்டிய மனிதரை அல்லாஹ் மன்னித்தான். அந்தக் காலுறை நஜீஸாயிற்றே என்று அவரை யாரும் கேட்கவில்லை.

அஞ்சிய உயிரை வீட்டுக்குப் பழக்குவது எப்படி?

கருணை என்பது உணர்ச்சி மட்டுமன்று, அறிவும் வேண்டும். தெருவில் வளர்ந்த நாய்க்கு வீடு என்பது புரியாத இடம். மின்விசிறியின் சுழற்சி, குக்கரின் விசில், மிக்ஸியின் இரைச்சல், வழுக்கும் தரை, மூடப்படும் கதவு, உயர்த்திப் பிடித்த விளக்குமாறு ஒவ்வொன்றும் அதற்கு அச்சுறுத்தலே. அன்பு மிகுந்து அதைக் கட்டியணைக்கப் போவோரும் அறியாமல் அதைத் துன்புறுத்துகின்றனர். கால்நடை மருத்துவர் அந்தத் தாய்க்குச் சொன்னவற்றையும், அவர் செய்து நாம் கண்டவற்றையும் இங்கே தருகிறோம்.

மருத்துவரிடம் காட்டிக் காயத்துக்கு மருந்தும், வெறிநோய்த் தடுப்பூசியும் போடுவது முதற்கடமை. பிறகு சுவரோரமாக, ஆள் நடமாட்டம் குறைந்த, மழை படாத ஒரு மூலையை ஒதுக்கிச் சாக்கு விரித்துவிட வேண்டும். அந்த மூலைக்குள் அது ஒளிந்திருக்கும்போது இழுத்து வெளியே கொண்டுவரக் கூடாது. ஒளிய இடமுண்டு என்ற உறுதி இருந்தால்தான் அது ஒரு நாள் தானே வெளியே வரும்.

அருகில் செல்வோர் நேராக நின்று கண்ணை உற்று நோக்கக் கூடாது; குனிந்து தலைமீது கை வைக்கவும் கூடாது. பக்கவாட்டில் சற்றுத் தள்ளி அமர்ந்து, தாழ்ந்த குரலில் பேசி, உணவை வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள்கள் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது உண்ணாமல் இருக்கலாம், இரவில் உண்ணும். நாள்தோறும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே ஆள் உணவு வைப்பது நல்லது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்ட உயிருக்கு அச்சம் குறையும். உண்டபின் வெளியே அழைத்துச் சென்றால் மலசலம் கழிக்கும் இடத்தையும் பழகிக்கொள்ளும். தவறி உள்ளே கழித்துவிட்டால் அடிப்பதால் பயனில்லை. எதற்காக அடித்தோம் என்பது அதற்கு விளங்காது, அடிப்பவர் நாம் என்பது மட்டுமே விளங்கும்.

காதைப் பின்னுக்கு மடித்தல், உதட்டை நக்கிக்கொண்டே இருத்தல், தூக்கமின்றிக் கொட்டாவி விடுதல் ஆகியவை அச்சத்தின் அறிகுறிகள். உறுமினால் விலகிவிட வேண்டும். உறுமல் ஓர் எச்சரிக்கை; அதற்காகத் தண்டிக்கப்பட்ட நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். அது உண்ணும்போதும் உறங்கும்போதும் குழந்தைகளை அருகில் விடக் கூடாது. வெடிச்சத்தம் கேட்கும் நாள்களில் கதவைச் சாத்தி வைக்க வேண்டும். மிரண்டு ஓடிய நாய் வழி தெரியாமல் வண்டியில் அடிபடும். மூன்று நாளில் மிரட்சி சற்றே தணியும், மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு பழகும், மூன்று மாதத்தில் தன் இடம் என்று உணரும் என விலங்குகளைப் பேணுவோர் ஒரு பொதுக் கணக்குச் சொல்வர். அதிகம் அடிபட்ட உயிருக்கு இன்னும் நாள் பிடிக்கும்.

இதிலே தொழுகைக்கு இடையூறு எங்கே இருக்கிறது? அந்தத் தாய் செய்த ஏற்பாட்டைக் கேளுங்கள். நாய்க்குத் தனிச் சட்டி, தனிச் சாக்கு. அதைக் கவனிக்கும்போது உடுத்த ஒரு பழைய சேலை; தொழுகைக்கு வேறு உடை. தொழும் அறைக்கும் அடுப்படிக்கும் அது வர வழியில்லை. பின்வாசல் குழாயடியில் ஒரு கலயத்தில் சலித்த மண். நாம் எதையும் சொல்வதற்கு முன்பே அவர் கேட்டார்: "மண்ணு போட்டு ஏழு தடவ கழுவத்தான் செய்றேன். இதுக்கு மேல நான் என்ன செய்யணும், ஹஜ்ரத்?"

அதற்கு மேல் அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. செய்ய வேண்டியவை எல்லாம் ஊராராகிய நம்மிடமே இருந்தன.

நியாயமான அச்சத்துக்கு ஒரு சொல்

தெருநாய்க் கடியால் குழந்தைகள் துன்புறுவதை நாம் அறியாதவர்கள் அல்லர். வெறிநோய் முற்றியபின் பெரும்பாலும் உயிர் பிழைப்பதில்லை. கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடங்கள் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் காலம் கடத்தக் கூடாது. பெற்றோரின் கவலை நியாயமானது. அதற்குத் தீர்வு உள்ளாட்சியை வலியுறுத்திக் கருத்தடையும் தடுப்பூசியும் முறையாக நடக்கச் செய்வது. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் அதைத்தான் கூறுகின்றன. ஜமாஅத் நிர்வாகம் ஒரு மனு எழுதினால் முடியும் காரியம் அது. கல்லெறிவதால் வெறிநோய் குறைந்த ஊர் எதுவும் இல்லை. கல்லடி பட்டு அஞ்சிய நாயே கடிக்கிறது.

வாசற்படியில் ஒரு நாய்

குகைவாசிகளின் வரலாற்றை வெள்ளிதோறும் ஓதுகிறோம். அவர்களுடைய நாய் வாசற்படியில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்ததை அல்லாஹ் குறிப்பிடுகிறான். அவர்கள் மூவரா, ஐவரா, எழுவரா என்று மக்கள் தர்க்கித்ததை எடுத்துச் சொல்லும்போது, ஒவ்வோர் எண்ணிக்கையிலும் அந்த நாயையும் சேர்த்தே எண்ணுகிறான். ஓரிறைக் கொள்கைக்காக ஊரைத் துறந்த அந்த இளைஞர்கள் அதை விரட்டவில்லை. வாசற்படியில் இடம் கொடுத்தார்கள். அந்தச் சூராவை வெள்ளியன்று அழகிய குரலில் ஓதிவிட்டுச் சனிக்கிழமை கையில் கல்லை எடுப்பவர் ஓதியதுதான் என்ன?

மதரஸா ஆசிரியர்களுக்கும் ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கும் நமது வேண்டுகோள் மூன்று. நஜாஸத் பாடம் நடத்தும் அதே அமர்வில் உயிர்களிடம் கருணை காட்டும் ஹதீஸ்களையும் நடத்துங்கள். கல்லெறியும் பிள்ளையைக் கண்டால் கடந்து செல்லாதீர்கள். சட்டம் பேணி ஓர் உயிரைக் காக்கும் சகோதரியைத் தூற்றுவோரை, தூற்றப்பட்டவர் வந்து முறையிடும்வரை காத்திராமல், நீங்களே முன்வந்து கண்டியுங்கள்.

நமது மாணவன் மறுநாளே வகுப்புக்கு வந்தான். அவனை நம் அருகில் அமர்த்தி, நஜாஸத் பாடத்தை முதலிலிருந்து மீண்டும் நடத்தினோம். பலகையைத் துடைத்த பிள்ளைகளில் இருவர் இப்போது அந்த வீட்டுப் பின்வாசலில் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகின்றனர். நாய் உரலின் சந்தை விட்டு வெளியே வந்து பின்வாசற்படியில் படுத்துக்கொள்கிறது. ஆனாலும் யாரேனும் கையை உயர்த்தினால் இன்றும் அது ஒடுங்குகிறது. அந்த நடுக்கத்தைப் பற்றி மறுமையில் கேட்கப்பட்டால் நாம் சொல்லப்போகும் விடை என்ன என்பதை எண்ணி அஞ்சுகிறோம்.

வல்ல அல்லாஹ் நமது அறிவில் முழுமையையும், நமது கைகளில் கருணையையும் தந்தருள்வானாக. ஆமீன். அவனே மிக அறிந்தவன்.